தனியாக வந்தவர்களுக்கு ஓர் அறை

என் மாமியார் எங்கள் லாட்ஜின் வரவேற்பு நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தபோது அவருடைய கால்கள் தரையைத் தொடவில்லை. மாமனாரின் உயரத்துக்கென்று வாங்கிய சுழல் நாற்காலி அது. அதை எப்படித் தாழ்த்துவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்தில் நின்ற மேனேஜருக்குத் தெரியும். ஆனால் முதலாளி உட்கார்ந்த உயரத்தை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அத்தை கொஞ்ச நேரம் கால்களைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியிலேயே சம்மணம் போட்டுவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் நின்று நின்று பார்த்தார்கள். லாட்ஜில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பதை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது, உள்ளே தள்ளி உட்காரலாமே என்றேன். “பாக்கட்டும். ஒரு வருசமா இந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பாக்கலியே” என்றார் அத்தை.

அந்த லாட்ஜ் கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு மாடி, பதினாறு அறைகள். திறந்த அன்று பால் காய்ச்சியதோடு சரி, அதன் பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அதன் படியை மிதித்ததில்லை. லாட்ஜ் என்ற சொல்லைக்கூட வீட்டில் சொல்லமாட்டார்கள். மாமனார் எங்கே என்று யாராவது கேட்டால் “கடைக்குப் போயிருக்காங்க” என்பார் அத்தை. கல்யாணமாகி வந்த புதிதில், மாமனாருக்கு மளிகைக் கடைதான் இருக்கிறது என்று நான் சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர்கள், மருந்துக் கம்பெனி ரெப்புகள், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு வரும் ஒப்பந்தக்காரர்கள் என்று ஆண்கள் வந்து தங்கி, ஆண்கள் பெருக்கி, ஆண்கள் பூட்டுகிற இடம் அது. வீட்டுச் சோறு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அதைப் பற்றிச் சாப்பிடும்போது பேசக்கூடாது.

அத்தைக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய சண்டை என்று ஒன்றும் நடந்ததில்லை. ரசத்தில் கொத்தமல்லியை எப்போது போடுவது என்பதில் தொடங்கியது, அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. என் மகள் பேசக் கற்றுக்கொண்ட பிறகு நாங்கள் இருவரும் அவள் வழியாகவே பேசிக்கொண்டோம். “ஒங்கம்மாவ மொதல்ல குளிக்கச் சொல்லு, தண்ணி ஆறுது” என்பார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். இன்று அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று ஏங்குகிறேன் என்றால், அந்த நாட்களில் என்னை அறிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

ஊரடங்கு வந்தபோது, வெளியூரிலிருந்து திரும்பி வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைக்க எங்கள் லாட்ஜையும் எடுத்துக்கொண்டார்கள். மாமனார் மறுப்புச் சொல்லவில்லை. காலையிலும் மாலையிலும் அவரே மாடி ஏறிப்போய் ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டு, “சாப்பாடு வந்திருக்கு, எடுத்துக்குங்க” என்று குரல் கொடுத்துவிட்டு வருவார். வேண்டாம் என்று என் கணவர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். “நம்ம எடத்துல இருக்கறவங்க பட்டினி கெடந்தா நல்லாவா இருக்கும்” என்றார் மாமனார். முதல் அலையில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அலையில் ஒன்பதே நாளில் போய்விட்டார். முகத்தைக்கூட எங்களுக்கு முழுதாகக் காட்டவில்லை.

எல்லாம் தெளிந்து, பஸ் ஓடி, கல்யாண மண்டபங்களில் மறுபடி மேளம் கேட்க ஆரம்பித்த பிறகும் எங்கள் லாட்ஜுக்கு மட்டும் ஆள் வரவில்லை. ஆட்டோக்காரர்கள் அதற்குக் கொரோனா லாட்ஜ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது ஏறி லாட்ஜுக்குப் போகணும் என்றால் வேறு இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். வருடக்கணக்காக வந்து தங்கிய ரெப்புகள்கூட எதிர்ச்சாரியில் நடந்து போனார்கள். அவர்களில் ஒருவர் மேனேஜரிடம், “தப்பா நெனைக்காதீங்க சார், வூட்ல பயப்படறாங்க” என்றாராம். கூட்டிப் பெருக்க இருந்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டார். இருபது வருடமாக இருந்த மேனேஜர் மட்டும் தினமும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, பதினாறு சாவிகளும் தொங்கும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

என் கணவருக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. லாட்ஜை விற்றுவிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். திருச்சியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டும் போனார், கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாகத் திட்டம். அப்பாவைக் கொன்றது அந்தப் படிகள்தான் என்று கணவர் நினைத்தார். அப்பா இறந்த பிறகு லாட்ஜுக்குள் ஒரு நாளும் நுழையவில்லை, மேனேஜரோடு பேச வேண்டுமென்றால்கூட வெளியே வண்டியில் உட்கார்ந்தபடியே பேசுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அத்தையும் மறுத்துப் பேசவில்லை. “வித்துக்கலாம் தம்பி. ஒரு தடவ உள்ள போயிப் பாத்துடறேன். ஒங்கப்பா அத்தன வருசம் அங்க என்ன பண்ணாருன்னு எனக்குத் தெரியவே தெரியாது” என்றார். பிறகு, ஒன்பது வருடத்தில் முதன்முறையாக மகளை நடுவில் வைக்காமல் என் முகத்தைப் பார்த்து, “தனியா எப்படிப் போறது. நீயும் வா” என்றார்.

இப்படித்தான் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தோம். ஒரு தடவை என்றவர் மறுநாளும் கிளம்பினார். அதற்கு மறுநாள் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டினார். ஒவ்வோர் அறையாகத் திறந்து, உள்ளே போய், மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்பார். “ஆம்பள வாடை” என்பார். பீடியும் தலையெண்ணெயும் ஈரத் துண்டும் சேர்ந்த ஒரு நாற்றம் சுவரிலேயே ஊறியிருந்தது. மெத்தைகளை மொட்டை மாடிக்கு ஏற்றிக் காயப்போட்டோம். தலையணைகளை ஒன்றுவிடாமல் தூக்கிப் போட்டார். போர்வைகளைப் பின்பக்கம் துவைக்கும் கல்லில் நாங்களே துவைத்து, பின்பக்கக் கொடியில் போடாமல் தெருவைப் பார்த்த மாடிக் கைப்பிடிச் சுவரில் உலர்த்தினோம். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்றார். நாலைந்து பேர் வந்தார்கள், போனார்கள். மற்றபடி சாவிகள் பலகையிலேயே தொங்கின. வேலை செய்து களைத்த பின் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, அத்தை இங்கே வருவது லாட்ஜை மீட்கவா, அல்லது மாமனாரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்கவா என்று எனக்குத் தோன்றும்.

ஒரு மாலை ஐந்து மணி இருக்கும். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, கையில் ஒரு ஃபைலும் தோளில் ஒரு பையுமாக வந்தாள். மறுநாள் காலை இங்கே ஓர் அரசுத் தேர்வு, ஊர் வெகு தூரம், காலையில் கிளம்பினால் நேரத்துக்கு வந்து சேர முடியாது என்றாள். மேனேஜர் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“கூட யாரும்மா?”

“யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்.”

“தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்லம்மா. தப்பா எடுத்துக்காத. அண்ணன் தம்பி யாராச்சும் வந்தா கூட்டிட்டு வா.”

அவள் திரும்பினாள். இதைப் பல இடங்களில் கேட்டுப் பழகியவள் போலத்தான் அந்தத் திரும்புதல் இருந்தது. சாலையைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்குள் போய், ஒரு சிமெண்ட் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேனேஜரே, எத்தன ரூம் காலியா இருக்கு?”

“பதினாறும்ங்கம்மா.”

“பதினாறையும் காலியா வெச்சிக்கிட்டு அந்தப் பொண்ண ஏன் அனுப்புனீங்க?”

மேனேஜர் பொறுமையாக விளக்கினார். முதலாளி காலத்திலிருந்து அதுதான் வழக்கம். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுத்தால் நாளைக்கு எவனாவது தேடிக்கொண்டு வருவான், போலீஸ் வரும், ஊரில் பெயர் கெடும். “இனிமே கெடறதுக்கு என்ன பேரு இருக்கு?” என்றார் அத்தை. பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, செருப்புக்கூடப் போடாமல் சாலையைக் கடந்தார். பெஞ்சில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசினார். திரும்பி வரும்போது அந்தப் பெண்ணின் பை அத்தையின் தோளில் இருந்தது.

மறுநாள் அவள் தேர்வுக்குப் போன பிறகு, அத்தை என்னை மாடிக்குக் கூப்பிட்டார். அந்த அறையின் தாழ்ப்பாளுக்கு முட்டுக்கொடுத்து மேசை இழுத்து வைக்கப்பட்டிருந்த தடம் தரையில் இருந்தது. அவர் அதைக் காட்டினார். பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, “நீ வெளியிலேருந்து தள்ளு” என்றார். தள்ளினேன். “இன்னும் பலமா.” தோளைக் கொடுத்துத் தள்ளினேன். “நல்லா கோவமாத் தள்ளுடி” என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஒன்பது வருடத்தையும் சேர்த்துத் தள்ளினேன். தாழ்ப்பாள் ஆணியோடு பெயர்ந்து கதவு திறந்துகொள்ள, நான் போய் அத்தையின் மேலேயே விழுந்தேன். இருவரும் கட்டிலில் சாய்ந்து கிடந்தோம். அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மாமனார் போன பிறகு என்று மட்டும் சொல்லவில்லை, அதற்கு முன்னும் பார்த்ததில்லை.

அன்று பதினாறு கதவுகளையும் தள்ளிப் பார்த்தோம். ஆறு தாழ்ப்பாள்கள் கையோடு வந்தன. தச்சரைக் கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் கனமான தாழ் போடச் சொன்னார். குளியலறை ஜன்னல்களில் உடைந்துபோயிருந்த கண்ணாடிகளை மாற்றினார். விளக்கை அணைத்துவிட்டு, சுவரிலும் கதவிலும் ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று கையால் தடவித் தடவிப் பார்த்து அடைத்தார். மங்கிய பல்புகளுக்குப் பதிலாக மாடிப்படியில் டியூப்லைட் வந்தது. அறைக்கு அறை மூடிபோட்ட ஒரு வாளி வைத்தார். அது எதற்கு என்று மேனேஜர் கேட்டபோது, “ஒங்களுக்குத் தெரிய வேணாம்” என்றார். இதெல்லாம் வியாபாரத்துக்கான யோசனை என்று அவர் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. தான் ஓர் ஊருக்குத் தனியாகப் போய் ஓர் அறையில் தங்கினால் எதற்கெல்லாம் பயப்படுவேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். அறுபது வயதுவரை அவர் அப்படி எங்கும் தங்கியதில்லை.

அந்தத் தேர்வுப் பெண் தன்னோடு படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் லாட்ஜைப் பற்றி எழுதியிருக்கிறாள். அடுத்த தேர்வுக்கு ஆறு பெண்கள் வந்தார்கள், அதில் இருவர் அம்மாக்களோடு. சிறுவாச்சூர்க் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அதனால் ஞாயிறும் வியாழனும் வெளியூர்க் குடும்பங்கள் வந்து டவுனில் தங்குவார்கள். அவர்களில் சிலர், பெண்கள் இருக்கிற இடம் என்று கேள்விப்பட்டு எங்களிடம் வர ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் கணவரையோ பிள்ளையையோ சேர்த்துவிட்டு, குளிக்கவும் ஒரு மணி நேரம் கண்ணயரவும் இடமில்லாமல் தவிக்கும் பெண்கள் வந்தார்கள். ஒரேயடியாக நடந்துவிட்டது போல் எழுதிவிட்டேன். அப்படியில்லை. ஒன்றரை வருடம் ஆயிற்று. நடுவில், ஐப்பசி மழையில் பத்து நாள் ஒருவர்கூட வராமல், அத்தையும் நானும் வரவேற்பறையில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்ததும் உண்டு. பெண்கள் தனியாகவும் தங்கலாம் என்று மேனேஜரே ஒரு போர்டு எழுதிக்கொண்டு வந்து மாட்டினார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டிருந்தது. அத்தை மறுநாளே அதைக் கழற்றச் சொன்னார். “அதப் படிச்சிட்டு வேல இல்லாதவன்தான் வாசல்ல வந்து நிப்பான். வரவேண்டியவங்களுக்குத் தெரியும்” என்றார்.

மேனேஜர் பயந்த நாளும் வந்தது. காலை பதினொரு மணி. மூன்று ஆண்கள் பைக்கை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவருடைய மனைவி முதல் நாள் சாயங்காலம் வந்து மாடியில் தங்கியிருந்தாள். வந்ததிலிருந்து கதவைத் திறக்கவில்லை, அத்தைதான் இட்லி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த மனிதர் எங்களைப் பார்க்காமல் நேரே மாடிப்படியை நோக்கிப் போனார்.

“தம்பி, உக்காருங்க. டீ சொல்றேன்” என்றார் அத்தை.

“டீ குடிக்க வரலிங்க. எம் பொண்டாட்டி மேல இருக்கா.”

“இருக்கட்டும். நான் போயி கேட்டுட்டு வரேன். வரேன்னா வருவாங்க. வரலன்னா நீங்க டீயக் குடிச்சிட்டுக் கெளம்பலாம்.”

அத்தைக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று ஏறினார். அவர் ஏறி முடிக்கும்வரை அந்த மூன்று பேரும் வேறு வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். வெகு நேரம் கழித்து அதேபோல் இறங்கி வந்தார். “வரலையாங்க” என்றார். அந்த மனிதர் கத்த ஆரம்பித்தார். இது எந்த மாதிரி லாட்ஜ் என்று ஊருக்கே தெரியும் என்றார், எங்களையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். வெளியே கூட்டம் கூடிவிட்டது. அத்தை இரண்டாவது படியில், படியின் முழு அகலத்துக்கும் புடவையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். வலிக்கிற காலை நீட்டி, கையால் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். அவரைத் தாண்டிப் போக வேண்டுமானால் ஒரு வயதான பெண்மணியின் மேல் காலை வைத்துத்தான் போக வேண்டும். மேனேஜர் போலீசுக்குப் போன் செய்தார். அவர்கள் வருவதற்குள் மூவரும் கிளம்பிவிட்டார்கள். மேசைமேல் மூன்று டீயும் ஆறிப்போய் இருந்தன.

இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் அரியலூர் ஆலைவரை போய்விட்டது. என் கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், இனி ஒரு நாள்கூட அந்தக் கட்டடம் நம்மிடம் இருக்கக்கூடாது என்றார். அப்பாவைத்தான் கொடுத்தோம், இப்போது மானத்தையும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். அம்மாவிடம் பேச அவருக்கு வாய் வரவில்லை, நான் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றார். முடியாது என்றேன். கல்யாணமாகி அவரிடம் நான் சொன்ன முதல் முடியாது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் அந்தப் பேச்சு நீண்டது. கடைசியில் ஒரு காலையில், கோபத்தில், பைக்கில் வந்த அந்த ஆள் லாட்ஜில் சொன்ன அதே வார்த்தையை இவரும் என்னிடம் சொல்லிவிட்டார்.

அத்தை முன்னதாகவே லாட்ஜுக்குப் போயிருந்தார். மகள் காலாண்டு விடுமுறைக்குத் திருமழபாடியில் என் அம்மா வீட்டில் இருந்தாள். நான் இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு அங்கே போகக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் நின்றது. படியில் கால் வைக்கப் போனேன். அம்மா கேட்கப்போகிற கேள்விகளும், தெருவில் ஒவ்வொரு வாசலிலும் சொல்லவேண்டிய பதில்களும் நினைவுக்கு வந்தன. பஸ் கிளம்பிப் போயிற்று. சாலையைக் கடந்து லாட்ஜுக்குள் போய் நின்றேன்.

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். பலகையிலிருந்து ஒன்பதாம் நம்பர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளி, “எழுதும்மா” என்றார்.

“நானாங்கத்தை?”

“ரூமுக்கு யாரு வந்தாலும் எழுதணும்ல.”

பெயரை எழுதினேன். முகவரி எழுதினேன், அவருடைய வீட்டு முகவரிதான். வந்த காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். “ஓய்வுன்னு எழுது” என்றார் அத்தை. அந்த அறையில் துவைத்த போர்வையின் மேல் படுத்து, நானே தள்ளிப் பார்த்த கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, பகல் முழுவதும் தூங்கினேன். யாரும் எழுப்பாமல் பகலில் நான் தூங்கியது அதுவே முதல் தடவை.

சாயங்காலம் கீழே என் கணவரின் குரல் கேட்டது. அப்பா இறந்த பிறகு அவர் லாட்ஜுக்குள் வந்தது அன்றுதான். எழுந்து கதவருகே நின்று கேட்டேன்.

“அம்மா, அவ இங்க இருக்காளா?”

“உக்காரு தம்பி. டீ சொல்றேன்.”

“நான் மேல போயிக் கூட்டிட்டு வரேன்.”

“நீ உக்காரு. நான் போயி கேட்டுட்டு வரேன். வரேன்னா வருவா.”

படிகளில் அவர் ஏறி வரும் ஓசை கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம். மெல்லத் தட்டினார். கதவைத் திறந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர், “ஒங்க வூட்டுக்காரரு வந்திருக்காரு. கீழ வரியா?” என்றார். என் மகன் என்று சொல்லவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மகனுக்காக ஒரு வார்த்தை அதில் இருக்குமா என்று தேடினேன். இல்லை. “இன்னிக்கி வேணாங்கத்தை” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மறுபடி இறங்கினார். “வரலையாம் தம்பி” என்று அவர் சொன்னது மாடிவரை கேட்டது. கணவர் கிளம்பிப் போகவில்லை. கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவர் டீயைக் குடித்திருந்தார்.

மறுநாள் காலை அவரே மாடிக்கு ஏறி வந்து, தாழ்வாரத்தில் இட்லிப் பொட்டலத்தை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல், “சாப்பாடு வந்திருக்கு, எடுத்துக்க” என்றார். அவருடைய அப்பா சொன்னதைத்தான் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நான் கதவைத் திறந்தபோது சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டார். நான் இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்குப் போனேன். லாட்ஜை விற்கவில்லை என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பைப் ரிப்பேர் செய்கிற ஆளைத் தானே கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அதற்கப்புறம் அத்தையும் நானும் இரண்டு வருடம் அந்த லாட்ஜில் ஒன்றாக உட்கார்ந்தோம். தோழிகள் ஆகிவிட்டோம் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பொய். கொத்தமல்லிச் சண்டை அப்படியே இருந்தது. என் துவைப்பில் அழுக்கு போகவில்லை என்று என் கண்ணெதிரே மறுபடி துவைப்பார். அன்பாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் மாதத்தில் ஏதாவது ஒரு நாள், நான் எதுவும் சொல்லாமலேயே, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் நம்பர் சாவியை மேசைமேல் வைப்பார். “செத்த படுத்துட்டு வா” என்பார். எங்கள் ஊரில் எத்தனை மாமியார்கள் மருமகளுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் கொடுத்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

போன ஆவணியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அஸ்தியைத் திருமழபாடியில் கொள்ளிடத்தில்தான் கரைத்தோம். லாட்ஜ் நன்றாகவே நடக்கிறது. ஞாயிறும் வியாழனும் அறை இல்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது. ஆட்டோக்காரர்களே இப்போது, “அந்த லேடீஸ் இருக்கற லாட்ஜா?” என்று கேட்டு ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் இருக்கிறது. சில நாள் மத்தியானத்தில் சாவிப் பலகையை நானே பார்த்துக்கொண்டு நிற்பேன். நானே எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் ஒருவர் எடுத்து வைத்தால்தான் அது சாவி.

போன வாரம் ஆண்டிமடத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். முன்பு கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பதினொரு நாள் எங்களிடம் தங்கியவராம். எனக்கு முகம் நினைவில்லை. கணவர் இப்போது தேறி, தோட்ட வேலைக்கே போகிறாராம். ஒரு பை நிறைய முந்திரிப்பருப்பு கொண்டுவந்திருந்தார். “அம்மா இல்லீங்களா?” என்றார்.

“வெளிய போயிருக்காங்க” என்றேன்.

போனில் கேட்பவர்களிடம் இந்தப் பொய்யை முன்பும் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. போனில் சொன்னால், சரி, கேட்டதாகச் சொல்லுங்கள் என்று வைத்துவிடுவார்கள். இந்த அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு, சோபாவில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். “பரவால்லங்க, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. இருந்து பாத்துட்டே போறேன்” என்றார். மேனேஜர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எழுந்து போய் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாராவது படியேறும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.